கழுவாயும் மீட்பும்

ஆண்டுதோறும் மார்ச்சு மாதப் பிற்பகுதியிலோ ஏப்பிரலிலோ ஒரு வெள்ளிக்கிழமை நம் கிட்வாய் நகரில் காலைப் பரபரப்பு இல்லாமற் போகிறது. மத்திய அரசின் விடுமுறைப் பட்டியலில் அந்நாளுக்குப் புனித வெள்ளி என்று பெயர். அலுவலகம் செல்வோர் அன்று சற்றே கூடுதலாகக் கண்ணயர்கின்றனர்; பின்னர் ஐ.என்.ஏ. சந்தைக்குச் சென்று முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கி வருகின்றனர். பள்ளிப் பிள்ளைகளோ விடுமுறை கிடைத்ததோடு நிறைவடைவதில்லை. ஒருவரைச் சிலுவையில் அறைந்து கொன்ற நாளை ஆங்கிலத்தில் ‘நல்ல வெள்ளி’ என்று ஏன் சொல்கிறார்கள் என்று கேட்கின்றனர். ‘நல்ல’ என்னும் அடைமொழிக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘புனிதமான’ என்னும் பொருளும் உண்டு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளையின் வினா சொல்லைப் பற்றியதன்று. ஒருவருடைய சாவு மற்றவர்க்கு எவ்வாறு நன்மையாகும் என்பதே அதன் உட்பொருள். இம்மாதம் அதனை எடுத்துக்கொள்வோம்.

இப்பகுதியில் நாம் எச்சமயத்தையும் பரப்பவோ மறுக்கவோ புகுவதில்லை என்பதை அன்பர்கள் அறிவர். ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் அண்டை வீட்டாரின் நம்பிக்கையை அவர்கள் உணர்கின்றவாறே அறிந்துகொள்வது நாகரிகம் என்பதே நம் கருத்து. கிறிஸ்தவர் நம்புவது சுருக்கமாக இது: மனிதன் பாவத்தினால் கடவுளிடமிருந்து பிரிந்தான், தன் முயற்சியினால் அப்பிரிவை அவன் நீக்கிக்கொள்ள இயலாது, கடவுளே மனிதனாய் வந்து, குற்றமற்றவராய் இருந்தும் சிலுவையில் உயிர் கொடுத்து, அப்பிரிவை நீக்கினார், அதனை நம்பி ஏற்போர்க்கு மன்னிப்பும் புதுவாழ்வும் கிடைக்கும். இதற்குத் தலைநகரிலேயே ஒரு பெரிய அடையாளம் நிற்கிறது. ராஷ்டிரபதி பவனுக்கு அண்மையில், ஹென்றி மெட் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த திட்டப்படி, 1927இல் தொடங்கி எழுப்பப்பட்ட பேராலயத்தின் பெயர் ‘மீட்பின் பேராலயம்’ என்பதாகும். செயலகம் செல்லும் நம் அன்பர்களுள் அக்கோபுரத்தைக் காணாதார் அரியர். பெயரின் பொருளை எண்ணினார் அதனினும் அரியராக இருக்கலாம்.

பாவத்துக்குப் பரிகாரம் என்னும் எண்ணம் தமிழர்க்கு வெளியிலிருந்து வந்ததன்று. புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் சோழன் கிள்ளிவளவனிடம் இதனைத்தான் பேசுகிறார். பசுவின் மடியை அறுத்தல், கருவிலுள்ள உயிரை அழித்தல் போன்ற கொடுமைகளைச் செய்தவர்க்கும் கழுவாய் உண்டு. செய்த நன்றியை மறந்து கெடுத்தவர்க்கு மட்டும் இல்லை என்பது அப்பாட்டின் கருத்து. திருக்குறளின் 110ஆம் குறளும் அக்கருத்தையே கூறுகிறது. அங்கே வள்ளுவர் ஆளும் சொல் ‘உய்வு’ என்பதாகும். உய்வு என்றால் தப்பிப் பிழைத்தல், கடைத்தேறுதல். ஆகவே பாவம், கழுவாய், உய்வு என்னும் மூன்றையும் நம் முன்னோர் ஒருங்கு வைத்து எண்ணியிருந்தனர். கழுவாயே இல்லாத பாவம் ஒன்று உண்டு என்றும், அது நன்றி கொல்லுதல் என்றும் முடிவு செய்திருந்தனர். இம்முடிவை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதனிடம் திரும்பி வருவோம்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1715இல் அச்சிட்டு முடித்தார். அவருக்குப் பின் பலர் திருத்தியும் புதுக்கியும் எழுதினர். 1871இல் ஹென்றி பவர் தலைமையிலான குழுவினர் வெளியிட்ட பதிப்பே சீர்திருத்த சபைகளில் நெடுங்காலமாக வழங்கி வருவது. சிலுவைச் சாவைக் குறிக்க அப்பதிப்பிலே ‘கிருபாதாரபலி’ என்னும் தொடரைக் காண்கிறோம். வடமொழிச் சொற்களைக் கோத்த அத்தொடர் செவிக்குக் கடினமாயினும் பொருளில் தெளிவானது: அருளுக்கு அடிப்படையாகிய பலி. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அவ்விடத்தில் பழந்தமிழ்ச் சொல்லாகிய ‘கழுவாய்’ என்பதையே எடுத்துக்கொண்டது. புறநானூற்றுப் புலவர் வாயில் வழங்கிய சொல் பவுலடியாரின் நிருபத்தில் வந்து அமர்ந்தது கண்டு நாம் மகிழ்ந்தோம். இனி, பகைத்தவரை மீண்டும் கூட்டுதலுக்குப் பழைய பதிப்பு ‘ஒப்புரவாக்குதல்’ என்று வைத்தது. ஒப்புரவு என்பது குறளின் 22ஆம் அதிகாரத்துச் சொல்; ஊருக்கு உதவி வாழ்தல் அங்கே அதன் பொருள். ஊரோடு ஒத்து வாழ்தலைக் குறித்த சொல், கடவுளோடு ஒத்துப்போதலைக் குறிக்க வந்துவிட்டது.

எனினும் நம் இல்லத்தரசிகளுக்கு எளிதில் விளங்கும் சொல் ‘மீட்பு’ என்பதுதான். அடகு வைத்த நகையை மீட்பது எவ்வாறு என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. நகை நம்முடையது, ஆயினும் நம் கையில் இல்லை. பணம் கொடாமல் அது வாராது. நம்மிடம் பணம் இல்லாதபோது உடன்பிறந்தான் ஒருவன் கட்டி மீட்டுக் கொடுத்தால் வட்டிக்கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. இதனினும் பழைய பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்கப் போய் உயிர் துறந்த வீரனுக்குக் கல் நட்டு வழிபட்ட நாடு நம் நாடு. வட ஆர்க்காடு, தருமபுரிப் பக்கங்களில் அத்தகைய நடுகற்கள் பல இன்றும் உள்ளன. ஊர்ப் பசுக்களுக்காக ஒருவன் மாண்டான். பசுக்கள் ஊர் திரும்பின. ஊரார் கல்லின் முன் நின்றனர். இவ்வொப்புமை நம்முடையதே, சமய நூலார் எவர் மீதும் இதனை ஏற்ற வேண்டா. ஆயினும் ஒருவருடைய சாவு மற்றவர்க்கு எவ்வாறு நன்மையாகும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதனைக் காட்டிலும் நல்ல தொடக்கம் நமக்குத் தோன்றவில்லை.

நிற்க. இதில் உண்மையான இடர்ப்பாடு ஒன்று உண்டு; அதனை மறைத்துச் செல்வது முறையன்று. கடனைப் பிறர் தீர்க்கலாம். தண்டனையைப் பிறர் ஏற்கலாமா? ஒருவன் செய்த கொலைக்கு வேறொருவனைத் தூக்கிலிட்டால் அது நீதியாகாது. பெரியபுராணத்திலே மனுநீதிச் சோழன் வரலாற்றை அன்பர்கள் கேட்டிருப்பர். இளவரசன் தேர்க்காலில் கன்று இறந்தபோது, மறையோர் விதிக்கும் கழுவாயைச் செய்தால் போதும் என்று அமைச்சர் கூறினர். அரசன் அதனை ஏற்கவில்லை. தாய்ப்பசுவின் துயரைக் கழுவாய் எவ்வாறு தீர்க்கும் என்பது அவன் வினா. மகனையே தேர்க்காலில் இடத் துணிந்தான். மகனைக் கொடுத்த தந்தை என்னும் அளவில் இரு வரலாறுகளும் ஒத்திருக்கின்றன. ஆனால் சோழன் மகன் தன் செயலுக்குத் தானே ஈடு கொடுத்தான். கிறிஸ்தவர் சொல்லும் மகன் பிறர் செயலுக்கு ஈடு கொடுத்தார். வேறுபாடு பெரிது.

கிறிஸ்தவ அறிஞரும் இவ்விடர்ப்பாட்டை உணராமலில்லை. 1098இல் அன்செல்ம் என்னும் துறவி, கடவுள் ஏன் மனிதரானார் என்பது பற்றி எழுதிய நூலில் இதனைப் பெரிதும் கடன்முறையிலேயே விளக்கினார்: மனிதன் கடவுளுக்குச் செலுத்த வேண்டிய மாண்பைச் செலுத்தவில்லை, அக்கடன் மனிதனாலேயே தீர்க்கப்பட வேண்டும், ஆனால் கடவுளால்தான் தீர்க்க இயலும், ஆதலின் கடவுள் மனிதரானார். பதினாறாம் நூற்றாண்டில் சட்டம் பயின்றவராகிய கால்வின், நீதிமன்றத்தையும் தண்டனையையும் வைத்து விளக்கினார். அன்செல்முக்குப் பின் வந்த அபெலார்டு என்பாரோ, குற்றமற்றவரின் குருதியைக் கேட்பது கொடுமையன்றோ என்று வெளிப்படையாகவே வினவி, சிலுவையில் காணும் அன்பு மனித நெஞ்சை உருக்கித் திருப்புவதே மீட்பு என்றார். இவற்றுள் இதுவே முடிந்த முடிபு என்று திருச்சபை முழுவதற்கும் பொதுவான எந்தச் சங்கமும் தீர்மானிக்கவில்லை. நமக்காகச் சிலுவையில் அறையுண்டார் என்று மட்டும் விசுவாச அறிக்கை கூறி நிற்கிறது. எவ்வாறு என்பதை அது கூறவில்லை. கடன் என்னும் விளக்கமே தமிழ் மனத்துக்கு இசையும் என்பது நம் கருத்து. தண்டனை என்னும் விளக்கத்தை மனுநீதியின் கதை கேட்டு வளர்ந்தவர் எளிதில் ஒப்பார்.

அடுத்து, விசுவாசத்தினால் இரட்சிப்பு என்னும் கொள்கை. இங்கே சொல்லே நம்மை மயக்குகிறது. நாட்டு வழக்கில் விசுவாசம் என்றால் உண்ட வீட்டுக்கு உண்மையாய் இருத்தல். நாய்க்கு விசுவாசம் உண்டு என்கிறோம். சமய வழக்கில் அதன் பொருள் ஐயமின்றி நம்பிச் சார்தல். மார்ட்டின் லூத்தர் 1517இல் தொடங்கிய கிளர்ச்சியின் உயிர்நிலை இதுவே. நற்செயல்களைக் கணக்கிட்டுக் கடவுளிடம் விலை பேச முடியாது. அருளை நம்பி ஏற்பது ஒன்றே வழி என்றார் அவர். இதன்பொருட்டு மேலை நாட்டுத் திருச்சபை பிளவுண்டது, போர்கள் நிகழ்ந்தன. ஏறத்தாழ நானூற்றெண்பது ஆண்டுகள் கழித்து, 1999 அக்டோபர் 31இல், செருமானிய நாட்டு ஆக்சுபர்க்கு நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பினரும் இப்பொருள் பற்றிய அடிப்படை உடன்பாடு ஒன்றில் கையொப்பமிட்டனர்.

நம்பினால் போதும் என்றால் ஒழுக்கம் எதற்கு? இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பியவர் நம் காந்தியடிகள். 1893இல் பிரிட்டோரியாவில் இருந்தபோது பிளிமத் சகோதரர் என்னும் பிரிவைச் சார்ந்த ஒருவர் அவரிடம் வாதாடியதை ‘சத்திய சோதனை’யில் எழுதியிருக்கிறார். மனிதர் பாவம் செய்யாமல் இருக்க முடியாது. திருந்த முயல்வதும் வீண். இயேசு அனைத்தையும் சுமந்து தீர்த்துவிட்டார் என்று நம்பினால் மன அமைதி கிடைக்கும் என்றார் அவர். பாவத்தின் பயனிலிருந்து விடுதலை எமக்கு வேண்டா, பாவத்திலிருந்தே விடுதலை வேண்டும் என்னும் கருத்துப்படக் காந்தியடிகள் விடையிறுத்தார். அச்சகோதரர் சொன்னவாறே அறிந்து தவறுகள் செய்தும் கவலையின்றி இருந்து காட்டினாராம்! ஆயினும் கிறிஸ்தவர் அனைவரும் அவ்வாறு நம்புவதில்லை என்பது தமக்கு முன்பே தெரியும் என்று அடிகள் அடுத்தாற்போல் எழுதியதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அவரை அங்கே அழைத்துச் சென்ற கோட்சு என்னும் நண்பரே கடவுளுக்கு அஞ்சி நடந்த கிறிஸ்தவர்தாம். பவுலடியாரும் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், அருள் பெருகட்டும் என்று பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்று தாமே வினவி, கூடவே கூடாது என்று மறுத்திருக்கிறார். வினா பழையது, தொடக்க நாளிலேயே எழுந்தது.

இவ்வினாவோடு வாழ்ந்து, தமிழில் விடை எழுதிய ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விழைகிறோம். அவர் ‘கிறித்தவக் கம்பர்’ என்று போற்றப்படும் எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை. 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தார். கம்பராமாயணம் அவர் வளர்ந்த வீட்டின் மூச்சாக இருந்தது. 1853இல் சாயர்புரத்துக் கிறிஸ்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியராய் அமர்ந்தார். திருமண் இட்ட வைணவராகவே அமர்ந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1858இல், சென்னையில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரையும் ஏற்றார். அக்காலத்தில் உயர்குடி ஒன்றில் பிறந்தவர் அவ்வாறு செய்வது சுற்றத்தையும் உண்கலத்தையும் இழப்பதாகும். அதனை அறியாமல் அவர் துணியவில்லை.

அவர் மனம் எப்பாதையில் சென்றது என்பதற்கு அவர் பிறந்த சமயமே ஒரு திறவுகோல். வைணவத்தில் சரணாகதிக்கு உரிய அங்கங்களுள் ஒன்று ‘மகாவிசுவாசம்’. இறைவன் காப்பான் என்னும் அசையாத உறுதி. எல்லாப் பாவங்களினின்றும் விடுவிப்பேன், வருந்தாதே என்னும் பொருள்பட அமைந்த கீதையின் சரம சுலோகத்தை அறியாத வைணவர் இலர். இறைவன் அருள்புரிய ஆன்மாவும் ஏதேனும் செய்ய வேண்டுமா என்பது பற்றி வடகலையாரும் தென்கலையாரும் நடத்திய வாதத்தைக் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்னும் உவமைகளால் நம் பாட்டிமாரும் சொல்லுவர். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாய் கவ்விச் செல்கிறது. செருமானிய நாட்டில் லூத்தர் வழக்காடிய பொருள் இதற்கு மிக அணித்தானது. கிருட்டிணப் பிள்ளையின் மனமாற்றத்தில் அமைந்த இத்தகைய ஒப்புமைகளை டென்னிஸ் ஹட்சன் என்னும் அமெரிக்க அறிஞர் 1972இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். ஆதலின் அருளை நம்புதல் என்னும் பாதி கிருட்டிணப் பிள்ளைக்குப் புதிதாயிருக்க இயலாது. மன்னிப்பவருக்கே அம்மன்னிப்பினால் நேர்ந்த துன்பம் என்னும் மறுபாதியே புதிது. அவர் பெருநூலைப் படிப்போர்க்கு அது விளங்கும்.

அந்நூல் ‘இரட்சணிய யாத்திரிகம்’. ‘நற்போதகம்’ இதழில் பகுதி பகுதியாக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. ஐந்து பருவங்களும் 3500க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட காப்பியம். மூலம் ஆங்கில நாட்டு சான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடைக் கதை. பனியன் பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளி. உரிமமின்றிச் சமயம் பேசியதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். அவர் கதையில் ஒருவன் முதுகில் பெருஞ்சுமையோடு அழிவூரை விட்டு ஓடுகிறான். சிலுவையின் முன் வந்ததும் சுமை தானே அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் விழுகிறது. அவன் அவிழ்க்கவில்லை, அவிழ்க்க முயன்றபோதெல்லாம் தோற்றவன். விசுவாசத்தினால் இரட்சிப்பு என்னும் கொள்கை முழுவதும் அவ்வொரு காட்சியில் இருக்கிறது.

ஆனால் அக்காட்சி கதையின் முடிவில் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தை அடுத்தே வந்துவிடுகிறது. செங்குத்தான மலையும், இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கும், மாயச் சந்தையும், கரை காணாத ஆறும் அதற்குப் பின்னரே இருக்கின்றன. சுமை விழுந்தவன் வீடு திரும்பி உறங்கவில்லை, நடக்கிறான். சுமையோடு நடக்க இயலாத தொலைவு அது. பிரிட்டோரியாவில் காந்தியடிகளோடு வாதாடியவர் இக்கதையைச் சுமை விழுந்த இடத்தோடு மூடிவைத்துவிட்டார் போலும்.

கிருட்டிணப் பிள்ளை செய்த பெரிய மாற்றம் மற்றொன்று. பனியன் சிலுவையைச் சில வரிகளில் சொல்லிக் கடக்கிறார். நம் புலவரோ குமார பருவத்தில் ‘இரட்சணிய சரிதப் படலம்’ என்று ஒன்று வகுத்து, இயேசு பிடிபட்டது முதல் உயிர்விட்டது வரை கம்பன் வழியில் விரித்துப் பாடுகிறார். இஃது ஏன்? தமிழ் கேட்போனுக்குச் சுமை விழுந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. யார் அதனைத் தம்மேல் ஏற்றார், என்ன பட்டார் என்று சொல்ல வேண்டும். கொடுத்தவன் பட்ட துன்பத்தை அறிந்தால்தான் கொண்டவன் நன்றி அறிவான். இங்கேதான் ஆலத்தூர் கிழாரின் பாட்டு நம் நினைவுக்கு வருகிறது. எப்பாவத்துக்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றதற்கு மட்டும் இல்லை என்று நம்பும் இனத்தாரிடம், உன் கடனை வேறொருவர் தம் உயிரால் தீர்த்தார் என்று சொல்வது, இனி நீ விரும்பியவாறு இருக்கலாம் என்று சொல்வதாகாது. முன்னைக் காட்டிலும் வலிய கட்டில் அவனைக் கட்டுவதாகும். விசுவாசம் என்னும் சொல்லின் இரு பொருளும் அப்போது ஒன்றுகின்றன: நம்பிச் சார்ந்தவன், உண்ட வீட்டுக்கு உண்மையாயும் இருக்கிறான்.

இவ்விடை காந்தியடிகளை நிறைவுசெய்திருக்குமா என்றால், செய்திராது என்றே எண்ணுகிறோம். நன்றியினால் மட்டும் பாவம் விட்டுவிடுமா என்று அவர் மேலும் கேட்டிருப்பார். கிறிஸ்தவரும் விட்டுவிடுகிறது என்று சொல்வதில்லை. நாள்தோறும் வழிபாட்டில் மன்னிப்பு வேண்டுவதே அதற்குச் சான்று.

நூலின் பிற்பகுதியும் அவர் பாடிய ‘இரட்சணிய மனோகரம்’ என்னும் பக்திப் பாடல் தொகுதியும் தனியே பேசத் தக்கவை. 1899இல் மனோகரத்தை வெளியிட்டு, 1900 பிப்ரவரியில் புலவர் மறைந்தார். குமார பருவத்துப் பாடல்கள் சில 2019இல் வந்த தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றன. ஊரிலிருந்து வரும் உறவினர் பிள்ளைகளிடம் அப்புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். முழு நூலையும் தொடக்கத்திலிருந்து படிக்கப் புகுந்தால் ஆதிபருவத்திலேயே களைப்பு வந்துவிடும். இரட்சணிய சரிதப் படலத்தை முதலில் எடுத்து, ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர் கேட்பது நலம். கம்பனைக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு அந்நடை அயலாகத் தோன்றாது.